கார்டை யார் எழுதுவது?

சித்தூர், திருப்பதி பக்கத்தில் கோல்ஃப் என்றால் டிவியில் சேனல் மாற்றும்போது ஒரு நொடி தெரிகிற பச்சைப் புல்வெளி, அவ்வளவுதான். எல்லை தாண்டினால் கோலார் தங்கவயலில் சுரங்கத் துரைமார் போட்ட கோல்ஃப் மைதானம் உண்டு. நம் ஊர்களிலிருந்து அங்கே பிழைக்கப் போனவர்கள் இறங்கியதென்னவோ சுரங்கத்துக்குள். இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன கோல்ஃப் போட்டி, நீங்களும் வந்துவிடுங்கள்" என்று ஆபீசில் யாராவது கூப்பிடுகிறார்கள். மட்டையைப் பிடிக்க ஒரு கோச் சொல்லிக்கொடுத்துவிடுவார். போட்டியில் எப்படி நடந்துகொள்வது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதை நாம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் கணக்கு. மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் 3, 4, 5 என்று ஓர் எண் இருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் இத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பார் என்று அர்த்தம். அதற்குப் 'பார்' என்று பெயர். பெரும்பாலான மைதானங்களில் மொத்தப் பார் 72 அல்லது அதற்குக் கொஞ்சம் முன்பின். எல்லோரும் அந்த அளவு ஆடிவிட முடியாது என்பதால் அமெச்சூர் போட்டிகளில் 'ஹேண்டிகேப்' என்று ஒரு சலுகை உண்டு. ஹேண்டிகேப் 20 உள்ளவர் 92 அடித்தால் கழித்து 72. ஹேண்டிகேப் 6 உள்ளவர் 80 அடித்தால் 74. குறைந்த எண்தான் வெல்லும் என்பதால் பரிசு முதல் ஆளுக்கு. முப்பது வருஷம் ஆடியவரும் போன வருஷம் தொடங்கியவரும் ஒரே போட்டியில் சமமாக மோத முடிவது இதனால்தான்.

இனி, எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம். நாலு நாலு பேராக ஆட்டக்காரர்கள் பெரிய மைதானம் முழுக்கச் சிதறி நடக்கிறார்கள். கூட அம்பயர் யாரும் வருவதில்லை. உடனே நமக்கு என்ன தோன்றும்? "அப்படியானால் அவரவர் அடித்ததை அவரவரே எழுதிக்கொள்வார்கள், மனசாட்சிதான் காவல்" என்று தோன்றும். கோல்ஃபைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களும் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாதிதான் சரி.

பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் முடிந்ததும் பக்கத்துப் பிள்ளையிடம் நோட்டை மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்களே, அதே ஏற்பாடுதான் இங்கேயும். ஆட்டம் தொடங்குமுன் ஸ்கோர் கார்டுகளை மாற்றிக்கொள்கிறார்கள். என் கார்டு உங்கள் கையில், உங்களுடையது என் கையில் அல்லது மூன்றாமவர் கையில். எழுதுகிறவருக்கு 'மார்க்கர்' என்று பெயர். ஒவ்வொரு குழியும் முடிந்து அடுத்ததற்கு நடக்கும்போது "எனக்கு ஆறு" என்று நான் சொல்ல வேண்டும். அவர் தன் மனதில் எண்ணியதோடு ஒப்பிட்டு எழுதுவார். ஏழு என்று அவருக்குத் தோன்றினால் அங்கேயே நின்று இரண்டு பேரும் அடிகளைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கார்டு போட்டியை நடத்தும் கமிட்டியின் கைக்குப் போகும்.

விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் எளிது. மார்க்கர் எழுதினாலும், ஒவ்வொரு குழிக்கும் எதிரே இருக்கும் எண்ணுக்குப் பொறுப்பு ஆடியவர்தான். உண்மையில் அடித்ததைவிடக் குறைவான எண்ணில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போட்டியிலிருந்தே நீக்கம். அதிகமான எண்ணில் போட்டால் அந்த அதிக எண்ணே நிலைக்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜெண்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ, கடைசி நாள் 17ஆவது குழியில் மூன்று அடித்தார். மார்க்கராக இருந்த டாமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். டிவி பார்த்தவர்களுக்கெல்லாம் மூன்று என்று தெரியும். ஆனாலும் நான்குதான் நின்றது. பாப் கோல்பியோடு சமநிலையில் இருந்திருக்க வேண்டியவர் ஓர் அடியில் பட்டத்தைக் கோட்டைவிட்டார். அன்று அவருக்கு 45ஆவது பிறந்தநாள் வேறு. கொடுமையான விதி என்பீர்கள். ஆனால் கையெழுத்துக்கு மதிப்பே இல்லையென்றால் அம்பயர் இல்லாமல் இந்த ஆட்டத்தை நடத்தவே முடியாது.

மனசாட்சிதான் காவல் என்ற அந்தச் சரியான பாதி, மார்க்கரின் கண்ணுக்கும் எட்டாதது. 1925 அமெரிக்க ஓபனில் பாபி ஜோன்ஸ் என்ற அமெச்சூர், உயர்ந்த புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது லேசாக நகர்ந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. நகர்ந்தது என்று அவரே சொல்லி ஓர் அடி தண்டனை சேர்த்துக்கொண்டார். அந்த ஓர் அடியால் முதலிடம் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் வில்லி மேக்ஃபார்லேனிடம் தோற்றார். விதிப்புத்தகம் இதைப் பெருந்தன்மையாகக் கருதுவதில்லை. தன் தவறைத் தானே சொல்வது ஆட்டக்காரரின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறது.

புதிதாகப் போகிறவருக்கு அந்தப் புத்தகத்தில் ஓர் அடைக்கலமும் உண்டு. ஏதோ ஓர் இடத்தில் விதி தெரியவில்லை, கூட இருப்பவர்களுக்கும் நிச்சயமில்லை. அப்போது "இரண்டு பந்து ஆடப்போகிறேன், இந்தப் பந்து கணக்கில் வர வேண்டும்" என்று மார்க்கரிடம் சொல்லிவிட்டு அந்தக் குழியை இரண்டு விதமாகவும் ஆடி முடிக்கலாம். கார்டைக் கொடுக்குமுன் கமிட்டியிடம் நடந்ததைச் சொன்னால் எது செல்லும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இரண்டிலும் ஒரே எண் வந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் அடியையும் எண்ணுகிற ஆட்டத்துக்கு மட்டும்தான் இந்த வசதி.

பந்து தொலைவது தினப்படி சமாச்சாரம். தேடத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம் அவகாசம். 2019க்கு முன்பு ஐந்தாக இருந்தது. கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனையோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். காணாமல் போன இடத்தருகே இன்னொன்றைப் போட்டு அடிப்பதெல்லாம் நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில். போட்டியில், அந்தக் கமிட்டி அதற்கென்று தனி விதி வைத்திருந்தாலொழிய, கூடாது. நடையை மிச்சம் பிடிக்க, தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்த உடனேயே இரண்டாவது பந்தை அடித்து வைக்கலாம். ஆனால் அடிக்குமுன் "புரொவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே "இன்னொண்ணு அடிக்கிறேன்" என்றால் போதாது. அப்படிச் சொல்லாமல் அடித்துவிட்டால், முதல் பந்து அப்புறம் கிடைத்தாலும் அது செத்த பந்துதான்.

திருமலைப் பாதையில் கைப்பையைப் பறிகொடுத்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி: நின்றுகிடந்த பந்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனால்? தண்டனை இல்லை. குரங்குதான் எடுத்தது என்பது உறுதியானால் வேறொரு பந்தை அதே இடத்தில் வைத்து ஆடலாம். நாய்க்கும் காக்கைக்கும் இதே சட்டம்.

நம் ஆட்கள் பேச்சு வாக்கில் மாட்டிக்கொள்கிற விதி ஒன்று. "சார், என்ன கிளப்ல அடிச்சீங்க?" என்று, அதாவது எந்த மட்டையில் என்று, கூட ஆடும் போட்டியாளரைக் கேட்டால் இரண்டு அடி தண்டனை. ஆலோசனையைத் தன் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி'யிடமும், ஜோடி ஆட்டமானால் தன் ஜோடியிடமும் மட்டுமே கேட்கலாம். குழியில் நட்டிருக்கும் கொடிக்கு எவ்வளவு தூரம் என்று யாரையும் கேட்கலாம். அது எல்லோருக்கும் பொதுவான தகவல்.

மரியாதை என்றதும் காலர் வைத்த சட்டையும் பெல்ட்டும்தான் பலருக்கு நினைவு வரும். கிளப் சொன்னதைப் போட்டுக்கொண்டு போங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. உண்மையான மரியாதை குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், அதாவது 'கிரீன்' மீது தெரியும். உயரத்திலிருந்து விழுந்த பந்து அங்கே ஒரு பள்ளம் போடும். சின்ன முள்கரண்டி மாதிரி ஒரு கருவி உண்டு. அதைப் பள்ளத்தின் ஓரத்தில் குத்தி மண்ணை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். கீழிருந்து நெம்பி எடுத்தால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். பிறகு மட்டையால் லேசாகத் தட்டிச் சமன் செய்தால் போதும். உங்கள் பந்து இன்னொருவர் வழியில் கிடந்தால் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்ளலாம். நாணயமே வழியில் இருந்தால் மட்டையின் தலை அகலத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது பழைய இடத்துக்கு நகர்த்த மறந்து ஆடினால் இரண்டு அடி போச்சு. அடுத்தவர் பந்து உருளப்போகும் கோட்டை மிதிக்காதீர்கள்; உங்கள் நிழலும் அதில் விழ வேண்டாம். மணல் பள்ளத்தில் இறங்கினால் ஏறும்போது காலடிகளை வாரியால் சமப்படுத்திவிட்டு வாருங்கள்.

ஆபத்தான விஷயம் ஒன்றே ஒன்று. பந்து ஆள் இருக்கும் பக்கம் பறந்தால் கூச்சமே படாமல் "ஃபோர்!" என்று உரக்கக் கத்த வேண்டும். அந்தக் குரல் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனிந்துகொள்ள வேண்டும்.

மெதுவாக ஆடுகிறவரைத்தான் கோல்ஃபர்கள் மனதுக்குள் அதிகம் திட்டுவார்கள், மோசமாக ஆடுகிறவரை அல்ல. தடையில்லாமல் ஆட முடிகிற நிலை வந்தபின் ஓர் அடிக்கு 40 வினாடி போதும் என்பது விதிப்புத்தகத்தின் பரிந்துரை. எனவே நூற்றுப் பத்து அடித்தாலும் கவலைப்படாதீர்கள், விறுவிறுவென்று நடங்கள். முடிந்ததும் நிழலில் உட்கார்ந்து, மார்க்கரோடு 18 கட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கூட்டல் தப்பினால் பயமில்லை, அதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும்.