‘ஆர்.டி 350’ வாங்கப் போறீங்களா? கனவுக்கும் கைக்கும் நடுவில் இவ்வளவு இருக்கு!

புல்லட்டின் ‘தடதட’ சத்தத்துக்கு ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. ஆர்.எக்ஸ் 100-ன் ‘ரீங்’ சத்தத்துக்கு இன்னொரு கூட்டம். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து திரும்பிப் பார்க்கிற வண்டி ஒன்று உண்டென்றால், அது ராஜ்தூத் 350. பழகியவர்களுக்கு வெறும் ‘ஆர்.டி’.

உற்பத்தி நின்று 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், கல்லூரிக் காலத்தில் யாரோ ஒரு சீனியர் ஓட்டியதைப் பார்த்து ஏங்கிய பையன்கள், இப்போது ஐம்பதைத் தாண்டி, பி.எஃப் பணம் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது இதைத்தான். அப்பா சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த மகன்களும் தேடுகிறார்கள். தேடுபவர்கள் அதிகம், வண்டி குறைவு. அதனால், நல்ல நிலையில் உள்ள ஆர்.டி-க்கு விலை லட்சங்களில்தான். அவ்வளவு பணத்தைக் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

பால்கார வண்டியின் முரட்டுத் தம்பி

‘ராஜ்தூத்’ என்றால் தூதர். ஃபரிதாபாத்தைச் சேர்ந்த எஸ்கார்ட்ஸ் நிறுவனம், போலந்து நாட்டு வடிவமைப்பை வைத்துத் தயாரித்த ராஜ்தூத் 175, வட இந்தியாவில் பால்காரர்களின் வண்டி. எவ்வளவு சுமை ஏற்றினாலும் முனகாமல் போகும். அதே நிறுவனம் 1983-ல் ஜப்பானின் யமஹாவோடு கைகோத்து இறக்கியதுதான் ராஜ்தூத் 350. பெயர் மட்டும்தான் பழசு. உள்ளே இருந்ததெல்லாம் யமஹாவின் ஆர்.டி 350.

347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், இரண்டு கார்புரேட்டர், 6 கியர். 30.5 குதிரைத்திறன். அன்றைக்கு சாலையின் ராஜாவாக இருந்த புல்லட் 350-ன் சக்தி 18 குதிரைத்திறன்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால், ஏன் இது கனவு வண்டி ஆனது என்பது புரியும். ஸ்கூட்டருக்கு முன்பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டில், இப்படி ஒரு வண்டி.

ஆனால், சந்தையில் தோற்றது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பெட்ரோல் தண்ணீராகக் குடிக்கும். விலை அதிகம். உதிரி பாகங்கள் சுலபத்தில் கிடைக்காது. இரண்டு கார்புரேட்டரை ஒரே சீராக வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் அப்போது குறைவு. மைலேஜுக்காக, பின்னர் சக்தியைக் குறைத்து 27 குதிரைத்திறனில் ஒரு மாடல் வந்தது. முதலில் வந்ததை ‘ஹை டார்க்’, பிறகு வந்ததை ‘லோ டார்க்’ என்று இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள். அப்படியும் விற்பனை ஏறவில்லை. 1989-ஓடு கதை முடிந்தது. அன்று யாரும் வாங்காததுதான், இன்று கிடைக்காததற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் இந்த வண்டியின் பெயர் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த அந்த ரேஸ்களைப் பார்க்க சென்னையே திரண்டு போகும். அங்கே சீறிய ஆர்.டி-களைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பிறகு ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. சோழவரத்தின் நினைவு மட்டும் மாறவில்லை. மகேந்திர சிங் தோனியின் பைக் சேகரிப்பிலும் ஆர்.டி 350 உண்டு என்ற செய்தி, இளைய தலைமுறையையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

முதலில் ஆர்.சி புக்... பிறகுதான் இன்ஜின்!

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நேராகக் கிக்கரை உதைப்பது. சத்தம் காதில் விழுந்த பிறகு பேப்பரைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. விற்பவருக்கும் அது தெரியும்.

தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1985-ல் பதிவான ஆர்.டி என்றால் 2000, 2005, 2010 என்று வரிசையாகப் புதுப்பித்திருக்க வேண்டும். ‘எஃப்.சி மட்டும்தான் சார் பாக்கி’ என்று விற்பவர் சாதாரணமாகச் சொல்லும் அந்த ஒரு வரிக்குள் பல ஆண்டுகளின் தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் ஒளிந்திருக்கலாம். எவ்வளவு ஆகும் என்பதை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்த பிறகே விலை பேச வேண்டும்.

அடுத்தது, கையால் எழுதிய பழைய ஆர்.சி புக். 1989-க்கு முன் பதிவான தமிழ்நாட்டு வண்டிகளில் மாவட்ட எண் இருக்காது. ஆங்கில எழுத்துகள் மூன்றும் நம்பரும்தான். இவற்றில் சில, இன்னும் ‘வாகன்’ கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கின்றன. கணினியில் இல்லாத வண்டிக்குப் பெயர் மாற்றமும் செய்ய முடியாது, இன்சூரன்ஸ் எடுப்பதும் சிரமம். ‘பரிவாகன்’ இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வரவில்லையென்றால், பழைய பதிவை ஏற்றித் தரும் வேலையை விற்பவரே முடித்துத் தரட்டும்.

வேறு மாநில வண்டி என்றால், அந்த மாநில ஆர்.டி.ஓ தரும் தடையில்லாச் சான்று அவசியம். அதன் பிறகு தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். ‘என்.ஓ.சி பின்னாடியே வந்துடும்’ என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுத்தவர்களின் வண்டி, வீட்டுக்குள்ளேயே பொம்மைபோல நிற்கிறது.

அப்பா பெயரில் இருக்கும் வண்டி

ஆர்.டி விஷயத்தில் அதிகம் சந்திக்க நேரும் சிக்கல் இது. வண்டி வாங்கியவர் காலமாகியிருப்பார். மகனோ மகளோ விற்க வருவார்கள். ஆர்.சி இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும்.

இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. முதலில் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 மூலம் வண்டியை ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன்பிறகுதான் அவர் அதை விற்க முடியும். ‘அப்பாவோட பழைய கையெழுத்து போட்ட ஃபார்ம் இருக்கு’ என்று யாராவது நீட்டினால் அங்கேயே விலகிவிடுவது நல்லது. இறந்த தேதிக்குப் பிந்தைய விற்பனை என்பது தெரியவரும்போது, வாங்கியவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆர்.டி.ஓ-வில் மட்டுமல்ல... ‘எங்களைக் கேட்காம எப்படி வித்தீங்க?’ என்று நாளை வந்து நிற்கும் இன்னொரு வாரிசிடமும்.

நம்பர் பேசும்

சேஸிஸ் நம்பர், ஹேண்டில்பார் கழுத்துப் பகுதியில் இருக்கும். இன்ஜின் நம்பர், இன்ஜின் கூட்டின் மேல். இரண்டையும் துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண்கள் வரிசை தவறி நின்றாலோ, அந்த இடம் மட்டும் புதிதாகத் தேய்த்ததுபோல மினுங்கினாலோ, பெயின்ட் தடிமனாக இருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். ஆர்.டி போன்ற வண்டிகளில், நல்ல பேப்பர் உள்ள சேஸிஸ் ஒன்று, எங்கிருந்தோ வந்த இன்ஜின் ஒன்று என்று சேர்த்துக் கட்டி விற்பதும் நடக்கிறது. திருட்டுப் புகாரில் உள்ள வண்டியா என்பதை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய வசதியில் பார்க்கலாம்.

ஆன்லைன் விளம்பரங்களில் இன்னும் கவனம். ‘ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, பாதிப் பணம் அனுப்பினால் வண்டியைப் பார்சலில் போடுகிறேன்’ என்பது பழைய மோசடி. வண்டியை நேரில் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அனுப்பி ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஆறிய இன்ஜினே உண்மை சொல்லும்

பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, ‘வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று கேட்டுக்கொள்ளலாம். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும் வண்டியாக இருக்கலாம்.

டூ ஸ்ட்ரோக்கில் புகை வருவது இயல்பு. அதில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. ஆனால் இன்ஜின் சூடான பிறகு புகை குறைய வேண்டும். குறையாமல் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால், கிராங்க் சீல் போய், கியர் பாக்ஸ் ஆயில் உள்ளே இழுக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் குறையாமல் கத்திக்கொண்டிருந்தால், மற்றொரு பக்க சீல் வழியாகக் காற்று புகுந்துகொண்டிருக்கலாம். இது ஆபத்தானது. எரிபொருள் கலவை மெலிந்து, சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் ‘சீஸ்’ ஆகிவிடும். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இரண்டு சைலன்ஸரிலும் ஒரேபோலப் புகை, ஒரேபோலச் சூடு இருக்கிறதா, 6 கியரும் நழுவாமல் விழுகின்றனவா, தானாக ஆயில் கலக்கும் ‘ஆட்டோலூப்’ பம்ப் வேலை செய்கிறதா, அல்லது கழற்றிவிட்டு பெட்ரோலில் கையால் ஆயில் கலக்கிறார்களா என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டரை எத்தனை முறை ‘போர்’ செய்திருக்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. ஒவ்வொரு முறையும் சிலிண்டரைக் கடைந்து, அடுத்த அளவு பிஸ்டன் போடுவார்கள். கடைசி அளவுக்கு வந்துவிட்டால், அதற்குமேல் கடைய இடமில்லை.

கழற்றி மூட்டையாக வைத்திருக்கும் ‘ப்ராஜெக்ட் பைக்’ விலையில் ஆசை காட்டும். மீட்டர், டெயில் லாம்ப், பக்கவாட்டு மூடி, டேங்க் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் புதுப்பேட்டைக்கும் ஜி.பி ரோட்டுக்கும் அலையும்போதுதான் கணக்கு தெரியும். கொஞ்சம் விலை கூடினாலும் பாகங்கள் முழுசாக உள்ள வண்டியே கடைசியில் மலிவு. டூ ஸ்ட்ரோக் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போவதற்கு ஆகும் செலவு, செலவே அல்ல.

பாயத் தெரியும்... நிற்க?

ஜப்பானில் விற்ற ஆர்.டி-யில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தியாவுக்கு வந்ததில் இரண்டும் டிரம் பிரேக். அந்தக் காலத்திலேயே ‘வேகத்துக்கு ஏத்த பிரேக் இல்லை’ என்ற பேச்சு உண்டு. ஏ.பி.எஸ் வண்டியில் ஓட்டிப் பழகிய இன்றைய இளைஞர்களுக்கு இது இன்னும் பெரிய மாற்றம். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகியதும் முன் சக்கரம் எழும்பப் பார்க்கும் வண்டி, அவசரத்தில் பிரேக்கை அழுத்தினால் நினைத்த இடத்தில் நிற்காது. முதல் சில வாரங்கள் காலியான சாலையில் பழகுவதும், நல்ல ஹெல்மெட்டும், புது பிரேக் ஷூ, புது டயரும் கட்டாயம். டிஸ்க் பிரேக் மாதிரியான மாற்றங்கள் செய்யும் முன் ஆர்.டி.ஓ-வில் விதிமுறையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் டியூப்கள் இளகும். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதென்றால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடலாம். பெட்ரோல் டியூப்களை அவ்வப்போது மாற்றுவதும் அவசியம்.

50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ பதிவு தரும் விதி 2021-ல் வந்தது. முதலில் வந்த ஆர்.டி-க்கே அந்தத் தகுதி 2033-ல்தான் கிடைக்கும். அதுவரை மற்ற வண்டிகளுக்கு உள்ள அதே சட்டம்தான்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு நிற்கும் பழைய வண்டியை ‘இரும்பு விலைக்கு எடுத்துக்கறேம்மா’ என்று யாராவது கேட்டால், உடனே தலையாட்ட வேண்டாம். அது ஆர்.டி-யாக இருந்தால், அதன் மதிப்பே வேறு. விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

விற்ற பிறகும் வேலை இருக்கிறது. விற்பவர் படிவம் 29-ஐயும், வாங்குபவர் படிவம் 30-ஐயும் கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி-யில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி வேறொருவர் வீட்டில், வழக்கு நம் வீட்டில் என்ற நிலை யாருக்கும் வேண்டாம்.

வாங்குபவர் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘இந்தப் பழைய இரும்புக்கா இவ்வளவு பணம்?’ அதற்குச் சமாளிப்பு பதில் சொல்வதைவிட, வண்டி விலை, பெயர் மாற்றம், இன்ஜின் வேலை, பிரேக், டயர், இன்சூரன்ஸ் என்று மொத்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடலாம். கடன் வாங்காமல், பிள்ளைகளின் ஃபீஸில் கை வைக்காமல் அந்தத் தொகை வருகிறதென்றால் வாங்கலாம். வரவில்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம். 35 வருஷம் காத்திருந்த ஆசைக்கு இன்னொரு வருஷம் பெரிதல்ல.