நாற்றமா, வாசனையா?

ஒரு நாள் அம்மா அடுப்பில் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நுழைந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்ன நாத்தம்!" என்றாள். அம்மாவின் முகம் வாடிவிட்டது. "வாசனை ஊரையே தூக்குது, இவளுக்கு நாத்தமாம்!" என்று கரண்டியை டொக்கென்று வைத்தார். சாயங்காலம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இருவர் மூக்கிலும் ஏறியது ஒரே காற்றுதானே? கடல்மீன் செத்தபின் அதில் பாக்டீரியாக்கள் டிரைமெத்தில் அமீன் என்ற வேதிப்பொருளை உண்டாக்குகின்றன. மீன்வாடைக்கு அது ஒரு முக்கியக் காரணம். அதை இருவருமே முகர்ந்தார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் வந்தது வினை.

இத்தனைக்கும் நாற்றம் என்பது ஒரு காலத்தில் நல்ல சொல். மொட்டுக்குள் பொதிந்திருக்கும் நறுமணத்தைத் திருவள்ளுவர் நாற்றம் என்றே சொல்கிறார். பிறகு எப்படியோ அதன்மேல் வெறுப்பு ஒட்டிக்கொண்டது. சொல்லுக்குப் பொருள் மட்டுமல்ல, ருசியும் உண்டு. காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாமாவைச் 'சிக்கனக்காரர்' என்றால் சிரிப்பார். 'கஞ்சன்' என்று சொல்லிப் பாருங்கள்!

இந்த ருசி நம் நினைவைக்கூட மாற்றிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று கேட்டதற்குச் சராசரியாக மணிக்குச் சுமார் 40 மைல் என்று பதில் வந்தது. "ஒன்றையொன்று தொட்டபோது" என்று கேட்டதற்குச் சுமார் 32 மைல்தான்! இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். முன்பு 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் "ஆமாம்" என்றார்கள். 'இடித்த' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். அந்தப் படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது!

நேரில் பேசும்போது முகமும் குரலும் துணைக்கு வரும். கைப்பேசியில் 'கஞ்சப்பயலே!' என்று நண்பன் தட்டி அனுப்பும்போது அவன் சிரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது, சொல் மட்டும்தான் வந்து சேர்கிறது. ருசியை நாமே போட்டுக்கொள்கிறோம். எத்தனை நட்புகள் இதில் முறிகின்றன!

சொல்லின் ருசியை அளக்கவும் முடியும். சார்லஸ் ஆஸ்குட் என்ற உளவியலாளர் 1950களில் அதற்கு ஏழு படி கொண்ட அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினார். நீங்களும் ஏழு கட்டம் போடுங்கள். ஒன்று என்றால் 'கெட்டது', ஏழு என்றால் 'நல்லது'. நாற்றம், வாடை, வாசனை, மணம் ஆகிய நான்கு சொற்களுக்கும் வீட்டில் உள்ளவர்களைத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் 'வாடை'க்கு அம்மா ஐந்து போட்டார். அக்கா இரண்டு.