இரண்டேகால் கரண்டித் தண்ணீர்

1,200 சிசி பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர்; ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு 300 மில்லி காற்றை இழுக்கும். அழுத்த விகிதம் 10-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் காற்று முழுவதும் 33 மில்லி இடத்துக்குள் ஒடுங்கிவிடும். அந்த இடத்தைவிடச் சற்றே கூடுதலான தண்ணீர், அதாவது இரண்டேகால் மேஜைக்கரண்டி, உள்ளே போனால் போதும். கதை முடிந்தது. வளிமண்டலத்தைப்போல் 100 மடங்கு அழுத்தம் கொடுத்தாலும் தண்ணீர் அரை சதவீதம்கூடச் சுருங்காது. வால்வுகளும் அந்த நேரத்தில் மூடியிருக்கும். 3,000 சுற்றில் ஓடும் இஞ்சினில் பிஸ்டன் நொடிக்கு 50 முறை மேலே வருகிறது. அது சட்டென்று முட்டி நிற்க, ஃப்ளைவீலோ சுற்றிய வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடுவில் மாட்டிய எஃகுத் தண்டு, கனெக்டிங் ராட், வளைகிறது. மெக்கானிக்குகள் இதை ஹைட்ரோலாக் என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023-இல் மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரர்கள் பலர் இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள்.

சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறோம். ஓடும் இஞ்சினின் புகையே அதை வெளியே தள்ளிவிடும். ஆபத்து முன்பக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் போகும் மூக்கு, பல கார்களில் ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலேயோ இருக்கிறது. அந்த வாய் தண்ணீரில் மூழ்கினால், குழாய்க்குள் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் ஏறிவிடும். நனைந்த காகித ஃபில்டர் அதைத் தடுக்காது.

வேகப் பிரியர்கள் மாட்டும் கோல்ட் ஏர் இன்டேக்கில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. 60 டிகிரியில் இருக்கும் பானெட் காற்றைவிட 30 டிகிரி வெளிக்காற்றில் ஆக்சிஜன் சுமார் 10 சதவீதம் அதிகம்; அந்த ஆசையில் ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், சக்கரத்தின் அருகே இறக்கிவிடுகிறார்கள். பாதுகாப்புக்கு பைபாஸ் வால்வு உண்டு: ஃபில்டர் மூழ்கி உறிஞ்சல் கூடியதும், குழாயின் மேல்பகுதியில் ரப்பர் இதழ்கள் திறந்து அங்கிருந்து காற்றெடுக்கும். தண்ணீர் ஒட்டாத துணி உறையும் கிடைக்கிறது; அது தெறிக்கும் நீரைத் தடுக்கும், மூழ்கினால் காப்பாற்றாது. என்னைக் கேட்டால், ஐப்பசி பிறக்கும் முன்பே கம்பெனி கொடுத்த பழைய ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டிவிடுவதுதான் சரி.

உயரம்தான் உண்மையான காப்பு. 1944-இல் நார்மண்டிக் கரையில் கடலுக்குள் இறங்கிய ஷெர்மன் டாங்கிகளுக்கு, பின்புறம் நெட்டையான தகரக் கூண்டுகளைப் பொருத்தினார்கள். இஞ்சின் அவற்றின் வழியே மூச்சுவிட்டது. இன்றைய ஜீப்புகளில் கூரைவரை ஏறும் ஸ்நார்க்கலும் அதே வேலையைத்தான் செய்கிறது. மஹிந்திரா தார் 650 மில்லிமீட்டர் ஆழம்வரை போகலாம் என்கிறது அதன் நிறுவனம். சாதாரணக் கார்களுக்கு அந்தத் தைரியம் கூடாது. தேங்கிய நீரின் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது; வேகமாகப் போனால் நம் காரே முன்னால் அலையை எழுப்பும், எதிரே வரும் பஸ் இன்னொன்றை அனுப்பும்.

தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். சுற்று குறைந்து தானாக அணைந்த இஞ்சின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பல கார்களைக் கொல்கிறது. இழுத்துப் போனதும் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுவார். பிளக் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். டீசல் கார் என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டும். பிறகு ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது.

அதன்பின் வண்டி ஓடினாலும் நம்பிவிட முடியாது. ராட் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வளைந்திருந்தால் கார் சில மாதங்கள் ஓடவும் கூடும். பிறகு ஒருநாள் ராட் முறிந்து இஞ்சின் பிளாக்கையே துளைத்துவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் சாட்சி தெரியும். நல்ல சிலிண்டரின் மேல்விளிம்பில் மெல்லிய கரிவளையம் இருக்கும். ராட் வளைந்த சிலிண்டரில் பிஸ்டன் உச்சிவரை எட்டாததால் அந்த வளையம் அகன்றிருக்கும்.