காலடி எண்ணினால் போதுமா?

நாற்பத்தைந்துக்கு மேல் – தொடர் 6

1966ஆம் ஆண்டில், லிட்டில் இந்தியாவை ஒட்டியிருந்த கண்டாங் கெர்பாவ் (கேகே) மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த பிரசவங்களில் அது உலக சாதனை. அந்த ஆண்டிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் அங்கே பிறந்த பெண் குழந்தைகள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள், அல்லது அறுபதைத் தொட்டிருக்கிறார்கள். கேலாங் ஈஸ்ட், அல்ஜுனிட், சிம்ஸ் பிளேஸ் வீவக புளோக்குகளில் அவர்களை நிறையப் பார்க்கலாம். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கல்யாணமாகி வந்து இங்கேயே வேர்விட்ட பெண்களும் அதே வயதில் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்து, மகனைத் தேசிய சேவைக்கு அனுப்பி, மாமியாருக்கு வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, நடுவில் வேலைக்கும் போய் வந்தவர்கள். இப்போதுதான் தங்கள் உடம்பின் பக்கம் திரும்புகிறார்கள்.

திரும்பியதும் இரண்டு காரியம் செய்கிறார்கள். எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்குகிறார்கள். கைபேசியில் காலடி எண்ணத் தொடங்குகிறார்கள். சில மாதம் கழித்து என்னிடம் வரும் கேள்வி அநேகமாக ஒன்றேதான்: “அக்கா, தினமும் பத்தாயிரம் நடக்கிறேன். ஒரு கிலோகூட குறையல. இடுப்புதான் பெருத்துக்கிட்டே போகுது. என்ன தப்பு பண்றேன்?”

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. பாதி வேலையைச் செய்துவிட்டு, அதுதான் முழு வேலை என்று நம்ப வைக்கப்பட்டிருக்கிறீர்கள். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம்.

நடைக்கு நன்றி

முதலில் நடையைக் குறைத்துப் பேசக் கூடாது. 2015 நவம்பரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கியபோது, உடற்பயிற்சி என்ற சொல்லையே பக்கத்தில் விடாத பெண்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். காலடிக்குப் புள்ளி, புள்ளிக்குப் பற்றுச்சீட்டு. கேலாங் ஆற்றோரப் பாதையில் விடியற்காலையில் மலாய் மக்சிக்கும் சீன ஆன்ட்டியும் நம் அக்காவும் அடுத்தடுத்து நடக்கும் காட்சி ஒரு பெரிய சமூக மாற்றம். வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த நேரத்தை அது வெளியே இழுத்து வந்தது.

ஆனால் பத்தாயிரம் என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரில்தான் அந்த எண் பிறந்தது. 2019இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ தலைமையில் வெளிவந்த ஆய்வு, சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பின்தொடர்ந்தது. நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. அந்த நன்மை ஏறக்குறைய 7,500 அடியோடு நின்றுவிட்டது. ஆகவே பத்தாயிரம் ஆகவில்லையே என்று இரவு பத்து மணிக்குக் கூடத்தில் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டாம். அந்த அரை மணி நேரத்துக்கு வேறு அவசர வேலை இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

சிங்கப்பூர்ப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 49. அதைச் சுற்றியுள்ள சில ஆண்டுகளில் உடம்பின் உள்ளமைப்பே மாறுகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடரும் ‘ஸ்வான்’ ஆய்வு இதை அளந்து காட்டியது. கடைசி மாதவிலக்குக்கு ஏறக்குறைய 2 ஆண்டு முன்பிருந்து 2 ஆண்டு பின்புவரை கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது. அதே காலத்தில் தசை குறைகிறது. ஒன்று ஏறி ஒன்று இறங்குவதால் எடைக் கருவியின் முள் பெரிதாக அசைவதில்லை. ரவிக்கை மட்டும் இறுகுகிறது.

“வயசானா உடம்பு கொழுப்பை எரிக்கிறதை நிறுத்திடும்” என்று சொல்வதும் சரியல்ல. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைக் கொண்டு 2021இல் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வயதுவரை உடம்பு செலவிடும் ஆற்றலில் பெரிய மாற்றம் இல்லை. ஐம்பது வயதில் உடம்பு சோம்பேறியாகிவிடவில்லை. தசை குறைந்திருக்கிறது, அசைவு குறைந்திருக்கிறது. இரண்டையும் மீட்க முடியும்.

எஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பும் வேகமாகத் தேய்கிறது. தசையும் மூட்டும் வலிக்கத் தொடங்குகின்றன. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 45 முதல் 69 வயதுவரையுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வில், மாதவிலக்கு நிற்கும் காலத் தொல்லைகளில் முன்னே நின்றது மூட்டு, தசை வலி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் அதனால் கணிசமாக அவதிப்பட்டார். வலிக்கிறது என்று அசையாமல் உட்காருகிறோம், அசையாததால் தசை மேலும் கரைகிறது, கரைந்த தசை தாங்காததால் மூட்டு மேலும் வலிக்கிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

நமக்கு மட்டும் ஏன் அவசரம் கூடுதல்?

2010இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை சுருங்கினால் அந்தச் சர்க்கரைக்குப் போக்கிடம் சுருங்குகிறது. நம் பெண்களுக்குத் தசை என்பது அழகுக்கான ஆடம்பரமல்ல, சர்க்கரை நோய்க்கு எதிரே இருக்கும் முதல் அரண்.

ஆசியர்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2002 ஜூலையில் கூடிப் பேசியதும் இதே சிங்கப்பூரில்தான். மேற்கத்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் கவலை. நமக்கு 23இலேயே ஆபத்து தொடங்குகிறது. ஒல்லியாகத் தெரியும் உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு. அதனால் எடைக் கருவியை ஓரமாக வைத்துவிட்டு தையல் நாடாவை எடுங்கள். ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடை அப்படியே இருந்து இடுப்பு குறைந்தால், நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

நாற்காலியும் தரையும்

வலு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஆசிய நாட்டு மருத்துவர்கள் 2019இல் வகுத்த அளவின்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் தசை வலுவைக் கவனிக்க வேண்டும். ஐம்பது வயதிலேயே அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. தினமும் பத்தாயிரம் அடி நடப்பவர்களும் அவர்களில் உண்டு.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேலாங் ஈஸ்ட்டில் இருக்கும் ஸ்ரீ சிவன் கோயிலுக்கு நம்மில் பலர் போகிறோம். ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து எம்ஆர்டி கட்டுமானத்துக்காக இடம்பெயர்ந்து, 1993இல் இங்கே குடிகொண்ட கோயில். கோயில்களில் விழுந்து கும்பிட்டு எழும்போது நம் வயதுப் பெண்கள் பக்கத்துத் தூணையோ மகளின் தோளையோ தேடுவதைக் கவனித்திருப்பீர்கள். நம் பாட்டிமார்கள் தரையில் உட்கார்ந்து அரிந்தார்கள், அரைத்தார்கள், சாப்பிட்டார்கள். ஒரு நாளில் பலமுறை கை ஊன்றாமல் எழுந்தார்கள். சோபாவும் சாப்பாட்டு மேசையும் வந்தபின் அந்த அசைவு நம் நாளிலிருந்தே காணாமல் போயிற்று. பிரேசிலில் 51 முதல் 80 வயதுவரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில், கையையும் முழங்காலையும் அதிகம் ஊன்றியவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தையாவது பாயில் உட்கார்ந்து பாருங்கள். மூட்டு ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கு உயரமான நாற்காலியே போதும்.

எப்படித் தொடங்குவது?

வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனமும் சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டியும் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. முதல் பாதி எல்லார் வாயிலும் இருக்கிறது. இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை.

நாற்காலியில் எழுந்து உட்காருதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், எலாஸ்டிக் பட்டையைக் கதவில் மாட்டி இழுத்தல், குனிந்து எடை தூக்குதல், தலைக்குமேல் எடை உயர்த்துதல் ஆகிய ஐந்தும் போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலில் தொடங்கலாம். தேக்காவில் வாங்கிய 5 கிலோ அரிசிப் பை அடுத்த கட்டம். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லை என்றால் எடையைக் கூட்டுங்கள். தசைக்கு அது ஒன்றுதான் புரியும்.

“இந்த வயசுல வெயிட் தூக்கலாமா?” என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ‘லிஃப்ட்மோர்’ ஆய்வில், மாதவிலக்கு நின்று எலும்பும் தேய்ந்திருந்த 101 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் பயிற்சியாளரின் கண்காணிப்பில் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் நல்ல கனமான எடையைத் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டிலேயே இலேசான பயிற்சி செய்த பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது.

கனமான எடைக்குப் போகும்போது கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அதற்குத் தனியார் ஜிம்மில் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. 2014இல் தொடங்கிய ஆக்டிவ்எஸ்ஜியின் உடற்பயிற்சிக் கூடங்களில் நுழைவுக் கட்டணம் சில வெள்ளிதான். சமூக மன்றங்களில் வகுப்புகள் நடக்கின்றன. 40 வயதைத் தாண்டியவர்கள் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால் முதல் ஆலோசனை இலவசம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்கள் அவரிடம் கேட்டுவிட்டே எடையைத் தொடுங்கள்.

சொல்லக் கூசும் ஒன்று

குதித்தால், தும்மினால், எடை தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்பதால் பயிற்சியையே விட்டுவிடும் பெண்கள் ஏராளம். வெளியே சொல்வதில்லை. பிரசவமும் எஸ்ட்ரோஜன் குறைவும் இடுப்பின் அடித்தளத் தசைகளைத் தளர்த்துவதால் வருவது இது. அந்தத் தசைகளுக்கும் பயிற்சி உண்டு, பெரும்பாலோருக்குப் பலன் தரும். பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள். கேகே மருத்துவமனையில் இதற்கென்றே இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள். இது விதியல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. ஆனால் மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ரத்தம் பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

தட்டில் என்ன?

தசையைக் கேட்பது பயிற்சி, கட்டுவது புரதம். நம் காலைத் தட்டில் தோசை, பகல் தட்டில் சோறு, இரவுத் தட்டில் பரோட்டா. புரதம் ஒரு கரண்டி சாம்பாரோடு முடிந்துவிடுகிறது. வயது ஏற ஏற, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்கிறார்கள் நிபுணர்கள். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சைவக்காரர்களுக்கு கேலாங் சிராய் சந்தையிலேயே விடை இருக்கிறது: தெம்பே. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். மிளகுத் தூளும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்தால் நம் சோற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். சர்க்கரையைக் குறைக்க, கெட்டிப் பால் ஊற்றிய தேயை, பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கோசோங்காக மாற்றுங்கள். ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

முன்னே ஓடியவர்கள்

கேலாங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் காலாங். 1973 செப்டம்பரில் அங்கே புதிதாகத் திறந்திருந்த தேசிய விளையாட்டரங்கில், தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளின் 200 மீட்டர் ஓட்டம். பர்மாவின் தான் தானும் சிங்கப்பூர் ஆசிரியை குளோரி பர்னபாஸும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தை ஆராய்ந்து குளோரிக்குத் தங்கம் தந்தார்கள். அப்போதே அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். சிங்கப்பூரிலேயே 1983இல், தென்கிழக்காசிய விளையாட்டுகளில் முதன்முதலாக நடந்த பெண்கள் மராத்தானில் தங்கம் வென்றவர் கே. ஜெயமணி.

குளோரியிடம் எனக்கு அந்தத் தங்கத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பின் வந்தது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாஸ்டர்ஸ் தடகளத்தில் நடு வயதுக்கு அப்பாலும் ஓடினார். சிங்கப்பூரில் அந்த அமைப்பின் தலைவராகவும் இருந்தார். எல்லாரும் குளோரி ஆக வேண்டியதில்லை. பெண்ணின் உடம்பு பிள்ளை பெற்று முடித்ததோடு கடமை தீர்ந்துபோகும் உடம்பு அல்ல என்று அவர் ஓடிக் காட்டினார். அதை நாமும் நம்பினால் போதும்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, நாட்காட்டியில் இன்றைய தேதிக்குக் கீழே எழுதுங்கள். எட்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி செய்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். காலடி எண்ணக் கற்றுக்கொண்ட நமக்கு இந்த எண்ணிக்கையும் கைவரும்.

(அடுத்த வாரம்: முழங்கால் வலி இருக்கும்போது எதைச் செய்யலாம், எதை விட வேண்டும்?)