ஒரே குலம், இரு கதி

பாலாறு காவிரியோடு கலக்கும் எல்லைப்புறத்திலிருந்து ஆற்றின் மேற்போக்கில் சென்றால், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டுவில், மார்பில் கரும்பட்டையும் வாலருகே ரோஜாவர்ணச் சிறகுகளும் கொண்டு விளங்கும் சங்குவளை நாரையைக் காணலாம். மலேயா, சுமத்திரா, ஜாவா, கம்போடியா தேசங்களில், அவ்விரு அலங்காரமும் இல்லாத பால்வண்ணச் சகோதர இனம் ஒன்று அதற்கு உண்டு.

இரண்டும் அலகைச் சிறிது திறந்து கலங்கல் நீரில் அமிழ்த்தி, மீன் பட்ட கணத்தில், கண்ணின் உதவியை நாடாது ஸ்பரிச உணர்வாலேயே கவ்விக்கொள்ளும். அப்படியிருக்க, பால்வண்ண நாரை 2013 முதல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழியும் அபாயத்திலுள்ள இனமாக நிற்க, நம்முடையது அபாய வகுப்பு எதிலும் சேராதிருப்பது ஏன்?

முதற்காரணம் வாசஸ்தலம். பால்வண்ண நாரை பெரிதும் நம்பியிருக்கும் கடலோர அலையாத்திக் காடுகள் மீன், இறால் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்டன. நம்முடையதோ ஏரியிலும் வயலிலும் இரை தேடி, சிம்ஷா நதியருகே கொக்கரே பெள்ளூரில் ஊர்நடுப் புளியமரங்களிலேயே குடியேறுகிறது. புளி மகசூல் குறைந்தும் மரத்தை வெட்டாமல், எச்சத்தை எருவாக்கிக்கொண்டு பட்சிகளைப் பேணும் அவ்வூராரின் பெருந்தன்மையை எந்தச் சட்டத்துக்கும் மேலானதாகவே நான் மதிக்கிறேன்.

இன்னொரு வருந்தத்தக்க விஷயமும் உண்டு: சிங்கப்பூர், மலேசியப் பகுதிகளில் மிருகக்காட்சிசாலைகளிலிருந்து வெளியே பறந்து திரியும் சங்குவளை நாரைகள், பால்வண்ண நாரைகளோடு இணைந்து கலப்புக் குஞ்சுகளைப் பொரிப்பதால், எஞ்சியிருக்கும் அந்தச் சிற்றினத்தின் தனித்தன்மைக்கே அது ஆபத்தாகிறது.