ரோடு மூடியிருக்கு என்று யார் சொன்னது?

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் பக்கமிருந்து பண்ருட்டி வழியாக நெய்வேலிக்கு வண்டியில் வந்து போகிற நமக்கு 'மாற்றுப்பாதை' போர்டு புதிதல்ல. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் நடந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பொங்கியபோது, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே அரசூர் அருகே போக்குவரத்தை நிறுத்தினார்கள். இப்படி மூடிய ரோட்டில் போனதாகச் சலான் வந்தால் என்ன செய்வது? "ஐநூறு ரூபாதானே, கட்டிட்டுப் போயிடுடா" என்பார்கள். கட்டினால் அதோடு முடிந்தது. ஆனால் கட்டிய பிறகு "போர்டே இல்லை சார்" என்று சொல்ல இடமில்லை.

முதலில் சலானில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 119-ஆவது பிரிவு கட்டாயக் குறியீடுகளுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. மீறினால் 177-இன்படி, 2019 திருத்தத்துக்குப் பின், முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் என்றால் 1,500. அதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மீறினார் என்று 179 போட்டால் 2,000 வரை போகும்.

ரோட்டை மூடும் அதிகாரம் 115-ஆவது பிரிவில் இருக்கிறது. நம் வழக்குக்கு உயிர்நாடி அதுதான். மூடினால் பொருத்தமான இடங்களில் குறியீடு வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் மூடுவதென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதற்குட்பட்ட காலம் என்றால் அரசிதழ் வேண்டாம், ஆனால் சூழ்நிலைக்கு ஏற்றபடி உள்ளூரில் விளம்பரம் செய்தாக வேண்டும். ஆக, "மூடியிருக்கு" என்று மனதில் நினைத்தால் மட்டும் ரோடு மூடியதாகாது!

எனக்கு வந்த சலான் கதை இதுதான். வேலை நடந்த ஓரிடத்தில் தார் டிரம்மில் கட்டிய போர்டு, காற்றில் திரும்பி வயல்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வண்டி ஓட்டுகிறவனுக்கா, நாற்று நடுகிறவர்களுக்கா தெரியவில்லை. மாற்றுவழி பிரியும் இடத்தில் வேறு போர்டு கிடையாது. நிறுத்தியவரிடம் கேட்டேன். "போர்டு வெச்சது காண்ட்ராக்ட்காரங்க தம்பி, எங்கிட்ட கேக்காதீங்க" என்றார். அங்கேயே நின்று ஆறு போட்டோ எடுத்தேன். வெறும் போர்டை மட்டும் எடுத்தால் பிரயோஜனமில்லை. ரோடு பிரியும் இடம், போர்டு, பக்கத்துக் கிலோமீட்டர் கல் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். வண்டியில் வருகிறவன் கண் மட்டத்தில் எடுக்க வேண்டும். மறுநாள் போனால் போர்டை நிமிர்த்தி வைத்திருப்பார்கள்.

கோர்ட்டில் வக்கீல் கட்டாயமில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். "இல்லை ஐயா" என்று சொன்னால்தான் விசாரணை. அதற்குப் பிறகு நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. அவர்கள் காட்டிய படத்தில் என் வண்டியின் பின்புறமும் நம்பரும் இருந்தன; தடுப்பு இல்லை. என் படங்களையும் பார்த்துவிட்டு விடுவித்தார். இரண்டு வாய்தா, இரண்டு நாள் அட்டெண்டன்ஸ், பஸ் செலவு. 75 சதவீதத்தின் ஓரத்தில் தொங்குகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

ஆன்லைனில் வந்த சலான் என்றால் இ-சலான் இணையதளத்தில் புகார் பகுதி இருக்கிறது. படங்களை முதலில் அங்கே அனுப்பிப் பார்க்கலாம். கேமராச் சலானுக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் விதி வந்தது. கெடுவெல்லாம் அடிக்கடி திருத்தப்படுகிறது. கையில் உள்ள சலானில் போட்டிருக்கிற தேதியைத் தவற விடாதீர்கள்.

சில வாதங்கள் எடுபடாது. "எனக்கு முன்னாடி பத்து வண்டி போச்சு", "தண்ணி முழங்கால்கூட இல்லை", "எக்ஸாமுக்கு நேரமாச்சு" - மூன்றும் வேலைக்காகாது. போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தியும் போயிருந்தால் போர்டு எந்தப் பக்கம் பார்த்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. 119 அவருடைய உத்தரவையும் சேர்த்தே சொல்கிறது.

ரயில்வே கேட் தனி விஷயம். அதை மோட்டார் வாகனச் சலானோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். போக்குவரத்துக்கு மூடிய கேட்டை வெளியாள் திறந்தால் ரயில்வே சட்டம், 1989-இன் 160-ஆவது பிரிவுப்படி மூன்று வருஷம் வரை சிறை. உடைத்தால் ஐந்து வருஷம் வரை.