முதல் அப்பீலை வீணாக்காதீர்கள்

மதுரையில் கிரிமினல் அப்பீல் நடத்தும் வக்கீல் நான். தண்டனை அறிவித்த மறுநாள் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் நகையை அடகு வைத்துவிட்டு வருவார்கள். தீர்ப்பு நகலை வாங்காமல் வருவார்கள். சிறைத்தண்டனை பெற்றவருக்கு நீதிமன்றம் அந்த நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். அது இல்லாமல் என்னால் ஒரு வரி எழுத முடியாது.

கெடுவும் குறைவு. மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள். செஷன்ஸ் நீதிபதி தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் நீதிமன்றம் ஏற்கலாம். ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை.

அப்பீல் போட்டதும் ஆள் வெளியே வந்துவிடமாட்டார். தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை, ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவர் என்றால், அப்பீல் போடும்வரை தண்டித்த நீதிமன்றமே பொதுவாக அவகாசம் தரும். ஆயுள் தண்டனையில் அவ்வளவு எளிதல்ல. அரசு வக்கீலின் ஆட்சேபத்தையும் கேட்பார்கள்.

"மேல்கோர்ட்டுல நான் நேரா ஜட்ஜய்யாகிட்ட உண்மையச் சொல்லணும்மா" என்பார்கள் தாய்மார்கள். அங்கே சாட்சிக்கூண்டு கிடையாது. மிக அரிதாகத்தான் புதிய சாட்சியம் எடுப்பார்கள். கீழ்நீதிமன்றத்தில் பதிவான காகிதங்கள்தான் பேசும். ஆனால் முதல் அப்பீலில் அந்தச் சாட்சியம் முழுவதையும் நீதிபதிகள் மறுபடி எடைபோட்டாக வேண்டும். நான் முதலில் தேடுவது, எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தை. காலையில் பதிந்த வழக்கு காரணமின்றி இரவில் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் என்ன எழுதினார்கள் என்று கேட்கலாம். குற்றம் உறுதியானாலும், திடீர்ச் சண்டையில் நடந்தது என்று காட்டினால் கொலை, கொலையாகாத மரணமாக மாறி ஆயுள் தண்டனை குறையக்கூடும். நாம் போட்ட அப்பீலிலேயே தண்டனையைக் கூட்ட முடியாது. அதற்கு அரசு தனியாக அப்பீல் போட வேண்டும்.

இந்த ஒரு கட்டத்தின் பலத்தை ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பார்க்கலாம். 1998 ஜனவரி 28 அன்று, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. தடா சட்டப்படி அப்பீல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 மே 11 அன்று 19 பேர் மீதான கொலைச் சதிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. மற்றக் குற்றங்களுக்குச் சிறையில் கழித்த காலமே போதுமென்று ஆனது. மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. 16 மாதத்துக்குள் இவ்வளவு மாறியது.

எஞ்சிய ஏழு பேருக்கு அதன் பிறகு எவ்வளவு காலம் ஆனது? தூக்கு உறுதியான நால்வரில் நளினியின் தண்டனை 2000-இல் ஆயுளாகக் குறைந்தது. கருணை மனுக்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்த காரணத்துக்காக, 2014-இல் மற்ற மூவரின் தூக்கையும் உச்ச நீதிமன்றம் ஆயுளாக்கியது. 2018-இல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தும் கதவு திறக்கவில்லை. 2022 மே மாதம் பேரறிவாளனும், நவம்பரில் மற்ற ஆறு பேரும் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குத் தரும் சிறப்பு அதிகாரத்தின் கீழ் விடுதலையானார்கள்.

அப்பீலுக்குப் பிந்தைய வழிகள் எல்லாமே குறுகியவை. செஷன்ஸ் அப்பீலில் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள் சீராய்வு மனு; அங்கே முக்கியமாகச் சட்டப் பிழையைத்தான் பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகளுக்குச் சிறப்பு அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். அங்கேயும் தோற்றால் மறுஆய்வு மனு, குறைதீர் மனு, ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ கருணை மனு. இவற்றில் எதையும் நம்பி முதல் அப்பீலை ஏனோதானோவென்று போடக் கூடாது.

பணமில்லையே என்று அதைப் போடாமல் விடவும் வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. அப்பீலைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அவர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். அடுத்த முறை சிறையில் மனு போட்டுப் பார்க்கும்போது நலம் விசாரித்த கையோடு இதையும் கேளுங்கள்: அப்பீலில் கையெழுத்துப் போட்டாச்சா, என்றைக்குப் போட்டது?